அத்திலாந்திக்கைக் காணாத தூது

சிட்னி நகரின் லிட்கம் தொடர்வண்டி நிலையத்திற்குத் தெற்கே, இருப்புப்பாதையை ஒட்டி நிற்கும் செங்கல் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வாழ்ந்த இராஜேஸ்வரி குணரத்தினம், அத்திலாந்திக் மாகடலை ஒருநாளும் கண்டவர் அல்லர். சிட்னியிலிருந்து இலண்டனுக்கு ஒரே ஒருமுறை பறந்தார்; அந்த வழியில் அக்கடல் குறுக்கிடவில்லை. ஆயினும் 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் அதன் இரு கரைகளுக்கும் இடையே ஓடிய ஒரு சிறு வாணிகம் அவருடைய நாவின் மேல்தான் நடந்தது. ரொறன்ரோவிலிருந்து மைசூர்ப் பருப்பு கிழக்கே வந்தது. இலண்டனிலிருந்து வறுத்த கறித்தூள் மேற்கே போயிற்று. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தமக்குள் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. அவர்களுக்குள் பகை ஏதுமில்லை. அவர்கள் சம்பந்திகள், அதுவே காரணம்.

இலண்டனில் இருந்தவர் இராஜேஸ்வரியின் தமையன் வரதராஜா. நகரின் மேற்கோரத்தில், பழைய பண்டகசாலைகளின் நடுவே, தூள் வறுத்தரைக்கும் ஆலை ஒன்று வைத்திருந்தார். ரொறன்ரோவில் இருந்தவர் இராஜேஸ்வரியின் கணவர் குணரத்தினத்தின் தம்பி சிவசோதி. அந்நகரின் ஸ்காபரோப் பகுதியில் பண்டகசாலையும் கடையும் வைத்து, பிற கடைகளுக்குப் பலசரக்குக் கொடுக்கும் மொத்த வாணிகர். வரதராஜாவின் மகள் தர்சினியைச் சிவசோதியின் மகன் லதீசுக்குப் பேசி முடித்தவர் இராஜேஸ்வரிதான். முறை பொருந்தியது, சாதகம் பொருந்தியது, பிள்ளைகளின் மனமும் பொருந்தியது. 2011 ஆவணியில் இலண்டனில் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு அத்தை, மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்று இரு வீட்டுக்கும் உரியவராய் நின்ற இராஜேஸ்வரிக்கு மணமேடையில் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. நிழற்படங்களில் அவர் இரண்டு பக்கமும் இருக்கிறார். ஒன்றிலும் அசையாமல் இல்லை.

அசையாமல் நிற்பது அவருக்குக் கைவராத கலை. ஓபர்னில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபதாண்டுகளாக அவருக்கு வேலை. சூட்டோடு வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதும் அடுக்குவதும் நாள் முழுவதும் நின்றே செய்யும் பணி. வீடு திரும்பிய பின்னும் கால்கள் ஓயமாட்டா. தொலைபேசியைக் காதில் வைத்தால் குசினி அடுப்படியிலிருந்து முன்வாசல் வரை நடப்பார், திரும்புவார், மீண்டும் நடப்பார். கதிரையில் அமர்ந்து பேசுவதைக் குணரத்தினம் கண்டதில்லை. தொடர்வண்டிப் பணிமனையில் மின்வினைஞராக இருந்த அந்த மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான சொற்கள் மிகச் சில. மனைவியின் நடையைப் பார்த்தே மறுமுனையில் இருப்பவர் யாரென்று சொல்லிவிடுவார். தமையனோடு பேசும்போது நடை விரையும். கொழுந்தனோடு பேசும்போது சற்றுத் தயங்கும். பிள்ளைப்பேறு வாய்க்காத அந்த வீட்டில் இவ்விரு குரல்களே நெடுங்காலம் உறவின் ஒலிகளாக இருந்தன.

வாணிகம் தொடங்கியது திருமணப் பந்தியில். கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைத்த சிவசோதி, இலையை விட்டுத் தலை நிமிர்த்தினார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டு நின்றவர் வரதராஜா. சிவசோதி அவரைப் பார்க்கவில்லை. எதிர்ப்பந்தியில் இருந்த இராஜேஸ்வரியைப் பார்த்தார்.

"மச்சாள், உந்தத் தூள் ஸ்காபரோவுக்கு வந்தால் சனம் அடிபட்டு வாங்கும்" என்றார்.

கையகலத் தூரத்தில் நின்ற வரதராஜாவின் செவியில் அது விழுந்தது. விழுந்தும் அவர் குழம்பு வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றிவந்த நேரத்தில் தங்கையைத் தனியே அழைத்து, சோதி என்ன சொன்னவன் என்று கேட்டார். இராஜேஸ்வரி கேட்டதைத் திருப்பிச் சொன்னார். அதன் பிறகே அது வரதராஜாவுக்குச் சொல்லப்பட்டதாக ஆயிற்று.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் வெளியார்க்கு விளங்குவது அரிது. சிவசோதி சீதனம் வேண்டாமென்று சபையில் சொல்லி மகனுக்குப் பெண் எடுத்தவர். அந்தப் பெருமை அவருடைய தலைப்பாகையாக இருந்தது. இனி அவர் பெண்வீட்டாரிடம் எதைக் கேட்டாலும், அது சரக்கின் தரமே ஆயினும், பொதியின் அளவே ஆயினும், சீதனம் பின்வாசலால் கேட்கப்பட்டதாக ஊர் பேசும். ஆகவே அவர் கேட்கலாகாது. வரதராஜா பெண்ணைக் கொடுத்தவர். மாப்பிள்ளைவீட்டார் விரும்பிய ஒன்றை மாட்டேன் என்று சொன்னால் அந்தச் சொல்லின் சூடு மகளின் அடுக்களையில்தான் போய்ச் சேரும். ஆகவே அவர் மறுக்கலாகாது. கேட்க முடியாதவரும் மறுக்க முடியாதவரும் வாணிகம் செய்வதெங்ஙனம்? இருவருக்கும் நடுவே, கேட்பதைக் கேட்காததுபோலும் மறுப்பதை மறுக்காததுபோலும் சொல்லத் தெரிந்த ஒரு நாக்கு வேண்டும். இறைவனே தன் தோழனுக்காகத் தெருவில் தூது நடந்தான் என்று நம்பும் மரபில் வந்த இராஜேஸ்வரி, அந்தப் பணியை இழிவென்று கருதவில்லை. அருளென்றே ஏற்றார்.

சிட்னியின் காலை, ரொறன்ரோவுக்கு முதல்நாள் பிற்பகல். சிட்னியின் மாலை, இலண்டனுக்கு அன்றைய காலை. எனவே வேலைக்குப் புறப்படுமுன் சிவசோதியின் சொல்லை வாங்கிக்கொள்வார். பகலெல்லாம் விரிப்பு மடித்தபடி அதை மனத்தில் மடித்துவைப்பார். மாலையில் வரதராஜாவிடம் விரிப்பார். மறுமொழி மறுநாட் காலையில் போகும். கதிரவன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதற்குள் ஒரு சொல் லிட்கத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"வெளிநாட்டமைச்சர் இண்டைக்கு எந்தத் தேசத்தோட?" என்று குணரத்தினம் கேட்பார்.

"உங்கட தம்பியோடதான். உங்களுக்கு அவனோட ஒரு வார்த்தை கதைக்க விருப்பமில்லை, எனக்கு நக்கல்."

"நீர் கதைக்கிறீர் தானே. வீட்டுக்கு ஒரு ஆள் காணும்."

முதலில் வந்தது பருப்பு. கனடாவின் மேற்குச் சமவெளியில் விளையும் மைசூர்ப் பருப்பை மூட்டைகளாகக் கட்டி, கொள்கலத்தில் ஏற்றிச் சிவசோதி அனுப்பினார். இலண்டனில் மூட்டையைப் பிரித்த வரதராஜாவுக்கு நிறம் பிடிக்கவில்லை. பாதி உடைந்தும் கிடந்தது. இது மனிசர் தின்னுறதோ, மாட்டுக்குப் போடுறதோ என்று தங்கையிடம் சீறினார். மறுநாட் காலையில் இராஜேஸ்வரி ரொறன்ரோவுக்குச் சொன்னது வேறு: பருப்பு நல்ல பருப்பு, நிறம் இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் இலண்டன் சனம் விடாது என்று அண்ணை சொன்னவர். சிவசோதி மகிழ்ந்துபோனார். அந்த மகிழ்ச்சியிலேயே வேறோர் ஆலையைத் தேடிப் பிடித்து, அடுத்த கொள்கலத்தில் செம்பவளம் போன்ற பருப்பை அனுப்பினார். வரதராஜா உள்ளம் குளிர்ந்தார். சொன்னவுடன் திருத்திக்கொண்ட சம்பந்தியைப்போல் ஒரு மனிதன் உண்டோ என்று வியந்தார்.

அன்றுதான் தீங்கு தொடங்கியது என்று பின்னாளில் நினைத்துப் பார்த்தால் தெரியும். சொல்லில் தேன் தடவினால் சரக்கும் திருந்துகிறது, உறவும் செழிக்கிறது என்று இராஜேஸ்வரியின் மனம் பாடம் படித்துக்கொண்டது. அந்தப் பாடம் ஓராண்டுக் காலம் பொய்க்கவில்லை.

அடுத்தது தூள். 2013 தை மாதத்தில் ஒருநாட் காலை சிவசோதி அழைத்தார். வழக்கமான நலம் விசாரிப்புகள் முடிந்தபின் குரலைத் தாழ்த்தினார். கனடாவில் விற்கும் உணவுப் பொதியின் மேல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆகிய இரு மொழியும் இருக்க வேண்டும்; அது அந்நாட்டுச் சட்டம்.

"பிரெஞ்சு இல்லாட்டி ஒரு பையும் கடைத் தட்டுக்குப் போகாது மச்சாள். கட்டாயம். ஆனால் நான் கேட்டமாதிரி இருக்கக் கூடாது."

கட்டாயம் என்பதும், கேட்டதாக இருக்கக்கூடாது என்பதும் ஒரே வாயில் வந்தன. இரண்டில் எது முதன்மை என்று இராஜேஸ்வரி அன்று பகல் முழுதும் எண்ணினார். மாலையில் தமையனை அழைத்தபோது அவருடைய நாவில் இரண்டாவதே முந்திக்கொண்டது. பொதியில் இரண்டு பாசையும் போட்டால் அங்கத்தைய கடையளுக்கு அழகாக இருக்கும் என்று சோதி நினைக்கிறான் போல கிடக்கு, என்றார்.

"பிரெஞ்சுக்காரன் எங்கட தூளைத் திண்டிட்டு உயிரோட இருப்பானோ?" என்று வரதராஜா சிரித்தார். பிறகு, "சரி, பாப்பம்" என்றார்.

வரதராஜா பாப்பம் என்றால் இல்லை என்று பொருள். உடன்பிறந்தவருக்கு அது தெரியாததன்று. ஆனால் மறுநாட் காலையில் ரொறன்ரோவுக்குப் போனது, அண்ணை கவனிக்கிறன் எண்டவர் என்பதே. சொன்ன கணத்தில் ஒரு முள் தைத்தது. பொதி அச்சாவதற்குள் இன்னொருமுறை நினைவூட்டிவிடலாம் என்று மனத்தைத் தேற்றினார். நினைவூட்டவும் செய்தார், மாசியில், ஆலையின் புதிய வறுகலனைப் பற்றிய பேச்சின் நடுவே, பூவைத் தூவுவதுபோல். தமையன் அதைக் கவனிக்கவில்லை.

பங்குனியில் கப்பல் புறப்பட்டது. சித்திரையில் கொள்கலம் ஸ்காபரோ பண்டகசாலையின் வாசலில் திறக்கப்பட்டது. அடுக்கடுக்காக அழகிய பொதிகள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பிரெஞ்சில் ஓரெழுத்தும் இல்லை.

சிவசோதி கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்று லிட்கத்துக்கு வந்த குரல் வெந்நீர் ஆறியதுபோல் இருந்தது. நான் சொன்னனான் தானே மச்சாள், என்றார். அவர் கவனிக்கிறன் எண்டவர் எண்டு நீங்கள் சொன்னனீங்கள் தானே, என்றார். பரவாயில்லை, பொம்பிளை வீட்டாரிட்ட நான் இதைப்பற்றிக் கதைக்கமாட்டன், நீங்களும் கதைக்கவேண்டாம், என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். இராஜேஸ்வரி முன்வாசலில் நின்றார். தொடர்வண்டி ஒன்று கீழே இரைந்து போயிற்று. சன்னல்கள் அதிர்ந்தன. அவர் குசினிக்கு நடந்தார், திரும்பினார், எதற்கு வந்தோம் என்று மறந்து மீண்டும் நடந்தார்.

அதன்பின் பருப்பு நின்றது. வைகாசியில் வரவேண்டிய கொள்கலம் வரவில்லை. ஏன் என்று வரதராஜா கேட்கவில்லை; கேட்பது சம்பந்தியைக் குறைசொல்வதாகும். சுகமில்லாமல் இருக்கிறானோ என்று மட்டும் தங்கையிடம் விசாரித்தார். அங்கே பண்டகசாலையில் தூள் பொதிகள் அடுக்கியபடியே கிடந்தன. இரு கரைகளிலும் இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் மதித்தபடி, வாய்திறவாமல், நாளுக்கு நாள் கசந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பு முழுவதும் லிட்கத்தில் வந்து தேங்கியது. பழைய புலவோர் அலமரல் என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். நெஞ்சு ஓரிடத்தில் நில்லாது சுழல்வது. சலவைக்கூடத்தில் இராஜேஸ்வரி மடித்த விரிப்பையே உதறி மீண்டும் மடிப்பதைக் கண்டு உடன்வேலை செய்த லெபனான் நாட்டுப் பெண் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தேநீர் ஆறும்வரை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தார்.

ஆனி மாதத்தில், ஒரு விடுமுறைக் காலையில், தர்சினி அழைத்தாள்.

தர்சினி ஒருபோதும் முறைப்பாடு சொல்பவள் அல்லள். இலண்டனில் வளர்ந்து, அங்கே படித்து, மாமி என்று தான் அழைக்கும் இராஜேஸ்வரியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து வாழப்போனவள். ரொறன்ரோவில் அவளுக்கென்று வேறு எவரும் இல்லை. லதீஸ் வங்கியில் வேலை. தகப்பனின் பண்டகசாலைப் பக்கம் போவதில்லை. வீட்டில் மாமனார், மாமியார், அவர்கள் இருவர். முதலில் குளிரைப்பற்றிப் பேசினாள். பிறகு நிறுத்தினாள்.

"மாமி, இஞ்ச ஒருத்தரும் என்னோட சண்டை பிடிக்கேல்லை" என்றாள். "அதுதான் பயமாக் கிடக்கு."

இராஜேஸ்வரி நடையை நிறுத்தினார்.

முன்பு சமையலில் உப்பு கூடினால் மாமனார் கேலி செய்வார் என்று சொன்னாள். இப்போது எதை வைத்தாலும் நல்லாயிருக்குப் பிள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறார். இலண்டனைப் பற்றிய பேச்சு வந்தால் மாமியார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறார். சனிக்கிழமைகளில் அவள் தகப்பனோடு பேசும்போது கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். லதீசிடம் கேட்டால், டோன்ற் வொறி, அவை அப்பிடித்தான் என்கிறான். என்ன பிழை செய்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

"நான் கொஞ்ச நாளைக்கு இலண்டனுக்குப் போயிருக்கட்டோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

கொஞ்ச நாளைக்கு என்று புறப்பட்ட பெண்கள் திரும்பிவராத கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவசரப்படாதை பிள்ளை, என்று மட்டும் இராஜேஸ்வரி சொன்னார். தொலைபேசியை வைத்தபின், கணவர் கேட்காமலே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். தான் பூசிய தேனையும் சேர்த்து.

குணரத்தினம் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "இனிப்பு வைக்கிறது சரி. மருந்துக்கு மேல வைக்கவேணும். நீர் மருந்தை எடுத்துப்போட்டு இனிப்பை மட்டும் குடுத்திருக்கிறீர்" என்றார்.

"இப்ப என்ன செய்ய?"

"அண்ணையிட்ட நேராச் சொல்லும். வேற என்ன."

அன்று மாலை சொல்வதென்று முடிவுசெய்தார். குளித்து, திருநீறு பூசி, சாமிப்படத்தின் முன் நின்று, சொல்லவேண்டியதை வாய்க்குள் மும்முறை சொல்லிப் பார்த்தார்: அண்ணை, பிரெஞ்சு போடாதது பெரும் பிழை, தூள் விலைப்படாமல் கிடக்கு, சோதி கோபமாய் இருக்கிறான், பிள்ளை அங்கே தவிக்கிறாள். அழைத்தார். மறுமுனையில் ஆலையின் இரைச்சலுக்கு நடுவே தமையனின் குரல் கேட்டது. என்ன ராசேஸ், சுகமோ என்றது. அவ்வளவில் நாக்கு தன் பழைய வழியிற் புரண்டது. சோதிக்கு ஏதோ சின்ன மனவருத்தம் போல அண்ணை, பெரிசா ஒண்டும் இல்லை, என்று தம் வாய் சொல்வதைத் தாமே கேட்டார். எல்லாம் சரிவரும் என்று தமையன் சொன்னார். சரிவரும் என்று இவரும் சொன்னார்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். தம்மால் இயலாது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, எத்தனையோ காலமாய் இரு வீட்டுக்கும் இனிமை சுமந்த அந்த நா, கசப்பைச் சுமக்கும் ஆற்றலை இழந்திருந்தது. உண்மை போய்ச் சேரவேண்டுமாயின் அது இவர் வழியாகப் போகலாகாது.

ஆடி மாதம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய வாணிக உடன்படிக்கை ஒன்றைப் பேச வாசிங்டனில் கூடியிருப்பதாகச் செய்தி ஓடிய கிழமை. "பார்த்தீரோ, அவையே நேர இருந்து கதைக்கினம்" என்று குணரத்தினம் தொலைக்காட்சியை நோக்கிக் கைகாட்டினார்.  அந்த ஞாயிற்றுக்கிழமை, இராச்சாப்பாட்டை முடித்தவுடன் இராஜேஸ்வரி தொலைபேசியை எடுத்தார். அழைப்புகளை ஒன்றாக இணைக்கும் பொத்தான் வாங்கிய நாள் முதலே அதில் இருந்தது, ஒருநாளும் அழுத்தியதில்லை. இலண்டனில் முற்பகல். ரொறன்ரோவில் விடியல், சிவசோதி கடை திறக்க வேளைக்கே எழும்புபவர். முதலில் தமையனை அழைத்து, ஒரு நிமிசம் அண்ணை என்றார். அடுத்துக் கொழுந்தனை அழைத்து, ஒரு நிமிசம் தம்பி என்றார். பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியைத் திறந்து தொலைபேசியை மேசைமேல் வைத்தார். பிறகு, குணரத்தினம் வியந்து நோக்க, கதிரையில் அமர்ந்தார்.

"அண்ணை, சோதி லைனில நிக்கிறான். சோதி, அண்ணை நிக்கிறார். நீங்கள் ரெண்டுபேரும் கதையுங்கோ."



"சம்பந்தியார், சுகமா இருக்கிறியளோ?" என்றது இலண்டன்.

"ஓம், உங்கட புண்ணியத்தில சுகம். நீங்கள்?" என்றது ரொறன்ரோ.

இலண்டனில் மழை என்று தெரியவந்தது. ரொறன்ரோவில் வெயில் என்று தெரியவந்தது. முழங்கால் வலிக்கு இருவரும் ஒரே எண்ணெயைப் பூசுவதும் தெரியவந்தது. பிறகு இரண்டு கரையிலும் ஓசை அற்றது. அந்த வெற்றிடத்தில் ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட வேண்டுமென்று இராஜேஸ்வரியின் நெஞ்சு துடித்தது. உதடு திறந்தது. குணரத்தினம் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி மனைவியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அவர் வாயை மூடினார். அந்த ஓசையின்மை நீண்டது. தாங்கமுடியாத அளவுக்கு நீண்டது.

"பருப்பு வரேல்லை" என்றார் வரதராஜா, தரையைப் பார்த்துச் சொல்பவர்போல்.

"தூள் விலைப்படேல்லை" என்றார் சிவசோதி.

"ஏன்? உறைப்புக் கூடவோ?"

"பிரெஞ்சு இல்லைச் சம்பந்தியார். பிரெஞ்சு இல்லாமல் இஞ்ச விக்க விடாங்கள். சட்டம்."

"சட்டமோ? எனக்கு ஆரும் சட்டமெண்டு சொல்லேல்லை."

"நான் கட்டாயமெண்டு மச்சாளிட்டச் சொன்னனான்."

"அவள் என்னட்ட அழகுக்கெண்டெல்லோ சொன்னவள்."



"ஓம்" என்றார் இராஜேஸ்வரி. "நான்தான் அப்பிடிச் சொன்னனான். ரெண்டுபேரும் சொன்னது ரெண்டுபேருக்கும் வரேல்லை."

அவர் அதற்குமேலும் சொல்ல இருந்தார். எவரும் கேட்க நிற்கவில்லை. சிறுவயது முதலே இவள் இப்படித்தான் என்று வரதராஜா தொடங்கினார். வீட்டில் பூனை செத்ததைக்கூட நித்திரை கொள்ளுது என்று சொன்னவள். பிள்ளையளின்ர கலியாணப் பேச்சிலும் உப்பிடித்தான் சம்பந்தியார், என்றார் சிவசோதி. உங்களுக்கு ஆலை ஒண்டு இல்லை, மூண்டு எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனாங்கள். வரதராஜா வெடித்துச் சிரித்தார். உங்கட மகனுக்குச் சமையல் தெரியும் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவள், என்றார். சிவசோதியும் சிரித்தார். அதுவரை தமக்குள் பேசாதிருந்த இருவரும், மேசையின் முன் இருந்த பெண்ணை அங்கே இல்லாதவரைப்போல் வைத்து, ஒருவருக்கொருவர் சான்று சொல்லி, ஒன்றுபட்டார்கள். பிரெஞ்சு ஒட்டுச்சீட்டு அச்சிட்டு அனுப்புவதாக ஒருவர் சொன்னார். அடுத்த கப்பலில் பருப்பு வரும் என்று மற்றவர் சொன்னார். தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள். உறவு தொடங்கி ஈராண்டு நெருங்கியும் அதுவரை ஒருவரின் எண் மற்றவரிடம் இல்லை. கடைசியில், சரி ராசேஸ், வைக்கிறம் என்றார் தமையன். தம் பெயரை இன்னும் நினைவு வைத்திருந்ததே பெரிதென்று அவருக்குத் தோன்றியது.

"வெக்கமாக் கிடக்கு" என்றார் கணவரிடம்.

"இருக்கட்டும்" என்றார் குணரத்தினம். மணிக்கட்டை அப்போதுதான் விட்டார்.

இரண்டு கிழமைக்குப் பின் தர்சினியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாமா இப்ப அப்பாவோட ஃபோனில சத்தமாச் சண்டை பிடிக்கிறார், குசினியில நிண்டு. எனக்கும் கறிக்கு உப்பில்லையெண்டு பேச்சு விழுந்தது மாமி, என்றிருந்தது. கீழே சிரிக்கும் முகம் ஒன்று. இலண்டனுக்குப் போகும் பேச்சு அதில் இல்லை. இராஜேஸ்வரி அதைச் சலவைக்கூடத்தில் நின்று வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

ஆயினும் அமைதி வந்ததா என்றால் வரவில்லை. காலையில் தொலைபேசி அடிப்பதில்லை. மாலையிலும் அடிப்பதில்லை. வேலைக்குப் புறப்படுமுன் வாங்கிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாமல், மடித்துவைக்க ஒன்றும் இல்லாமல், அவர் வெறுங்கையோடு போய் வந்தார். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ஒட்டுச்சீட்டு போயிற்றா என்று தெரியவில்லை. கேட்கலாம், எந்த உரிமையில் கேட்பது? வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனார். பதிகம் பாடுவோர் வரிசையில் இருந்து பாடினார். பாதிப் பண்ணில் எழுந்து வெளிவீதிக்குப் போய்த் தொலைபேசியைப் பார்த்துவிட்டு வந்தார். முன்பு இரண்டு கவலைகளுக்கு நடுவே நடந்த கால்கள் இப்போது காரணமின்றி நடந்தன. அது இன்னும் கொடிதாக இருந்தது.

ஐப்பசியில் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் நான்காண்டுப் பேச்சை முடித்து உடன்பாடு கண்டதாகச் செய்தி வந்தது. குணரத்தினம் அதைச் சொல்லிக் கேலி செய்ய வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அதற்கடுத்த நாட்களுள் ஒன்றில், காலை தேநீர் கொதிக்கையில், இலண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே முன்னிரவு.

வரதராஜா களைத்திருந்தார். சிவசோதியோடு பேசி முடியவில்லை என்றார். பொதியைச் சிறிதாக்கு என்கிறான். உறைப்பைக் குறை என்கிறான். உறைப்பைக் குறைத்தால் அது எங்கள் தூளா? நேற்று இதைச் சொன்னதற்கு, உங்களுக்கு வாணிகம் தெரியாது சம்பந்தியார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். முன்பு இப்படியெல்லாம் பேசாத மனிதன். முன்பு எவ்வளவு தன்மையாக இருந்தவன்.

"நீ ஒருக்கா அவனோட கதை ராசேஸ். நீ சொன்னால் இதமாச் சொல்லுவாய்."

இராஜேஸ்வரியின் நாவில் அந்தச் சொல் அப்போதே உருவாகிவிட்டது. உறைப்பு எங்கள் தூளின் மணம், சோதி. அண்ணை உன்னை மதிக்கிறதாலதான் தயங்குறார். எவ்வளவு எளிது. ரொறன்ரோவில் இப்போது பிற்பகல். சோதி கடையில் இருப்பான். ஓர் அழைப்பு போதும். நாளை காலை அவனுடைய குரல் வரும். மாலையில் அண்ணையின் குரல் வரும். வீடு மீண்டும் நிறையும்.

"அண்ணை, அவன்ர நம்பர் உங்களிட்டக் கிடக்குத் தானே" என்றார்.

"கிடக்கு. நேர கதைச்சால் சண்டை வரும்."

"வரட்டும் அண்ணை. சண்டை வந்தால் எனக்குச் சொல்லவேண்டாம். அவனுக்கே சொல்லுங்கோ."

 ஆலை ஓய்ந்த நேரம். மறுமுனையில் ஓரிரைச்சலும் இல்லை. ரொறன்ரோவில இப்ப என்ன நேரம் இருக்கும் என்று வரதராஜா கேட்டார். பின்னேரம், கடையிலதான் நிப்பான், இப்ப எடுத்தால் கதைக்கலாம், என்றார் இராஜேஸ்வரி. தமையன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொடர்பு அறுந்தது.

இராஜேஸ்வரி தேநீரைக் குடிக்காமலே ஓபர்னுக்குரிய வண்டியைப் பிடித்தார். அன்று பகல் முழுவதும் விரிப்புகள் சூட்டோடு வந்துகொண்டிருந்தன. தமையன் அழைத்தாரா, அழைத்திருந்தால் என்ன பேசினார்கள், உறைப்புக் குறைந்ததா, குரல் உயர்ந்ததா, ஒன்றும் தெரியாது. சட்டைப்பையில் இருந்த தொலைபேசியை இருமுறை எடுத்தார். இருமுறையும் ஒன்றையும் அழுத்தாமல் திருப்பி வைத்தார். மூன்றாம் முறை கை போனபோது அடுத்த விரிப்பின் நுனியைப் பற்றினார். அது இன்னும் சுட்டது.